ஒரே வீதியில் மூன்று ஆலயங்கள்: கூட்டு வழிபாடு வைக்க என்னென்ன கவனிக்க வேண்டும்?

குளக்கட்டு எழுதியது:

கிளிநொச்சி மாவட்டத்தில் ஒரு குடியேற்றக் கிராமம். கத்தோலிக்கக் கோயில், சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) தேவாலயம், பெந்தெகொஸ்தே சபை மூன்றும் ஒரே வீதியில், நடந்து போகிற தூரத்துக்குள். ஊரில் பாதிக்கு மேல் சைவக் குடும்பங்கள். மூன்று ஆலயத்துச் சனமும் ஒருவர் வீட்டு நல்லது கெட்டதுக்கு மற்றவர் போவது வருடா வருடம் குறைந்துகொண்டே வருகிறது.

ஜனவரி 18 முதல் 25 வரை வரும் கிறிஸ்தவ ஒன்றிப்பு வாரத்தில் பொதுநோக்கு மண்டபத்தில் ஒரு கூட்டு வழிபாடு வைக்க மூன்று பக்கத்து இளைஞர்களும் சம்மதம். பெரியவர்கள்தான் தயங்குகிறார்கள். அவர்களிடம் போக முன் தெரிந்துகொள்ள வேண்டியவை:

நற்கருணையையும் அன்றைக்கே சேர்த்து வைக்கலாமா? எந்த வேதாகமம், எந்தப் பாட்டு? சுருவம் (புனிதர் சிலை) வைத்த இடத்துக்கு வரமாட்டேன் என்கிறார் பாஸ்டர், அதற்கு என்ன வழி? சைவ அயலவர் இதை மதமாற்றக் கூட்டம் என்று நினைக்காமல் இருக்க என்ன செய்யலாம்?

—

பீடச்சுடர் எழுதியது:

முதல் கேள்விக்குப் பதில் வேண்டாம் என்பதுதான். உங்கள் பங்குத்தந்தையின் சொந்த விருப்பு வெறுப்பு இதில் இல்லை. கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம் 908, முழு ஒன்றிப்பில் இல்லாத சபைகளின் குருக்களோடு கூட்டுத் திருப்பலி ஒப்புக்கொடுப்பதைத் தடுக்கிறது. நற்கருணை பகிர்வதைச் சட்டம் 844 மரண ஆபத்து போன்ற மிகச் சில நிலைமைகளுக்குள் அடக்கி வைத்திருக்கிறது. சி.எஸ்.ஐ., மெதடிஸ்த திருச்சபைகளின் திருவிருந்து மற்றச் சபையாருக்கும் பெரும்பாலும் திறந்தது என்பதால், 'நாங்கள் கூப்பிட்டோம், அவர்கள் வரவில்லை' என்ற மனக்குறை ஒவ்வொரு இடத்திலும் இங்கேதான் தொடங்குகிறது. அதை அழைப்பிதழ் அடிக்க முன்னமே கதைத்து முடிக்க வேண்டும்.

ஆனால் வாசகமும் மறையுரையும் மன்றாட்டும் கொண்ட வழிபாட்டுக்குத் தடை எதுவும் இல்லை. திருப்பீடம் 1993இல் வெளியிட்ட ஒன்றிப்பு வழிகாட்டி அதை ஊக்கப்படுத்தவே செய்கிறது. திருப்பலிக்குள் மறையுரை குருவுக்கோ திருத்தொண்டருக்கோ மட்டும் உரியது. திருப்பலி இல்லாத கூட்டு வழிபாட்டில் போதகர் பிரசங்கிக்கலாம், பாதர் முன்வரிசையில் இருந்து கேட்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை வைக்காதீர்கள். கத்தோலிக்கருக்கு ஞாயிறு திருப்பலிக் கடமை இருக்கிறது. கூட்டு வழிபாட்டுக்கு வந்தால் அது தீர்ந்துவிடாது. ஞாயிற்றில் இதை ஒழுங்குசெய்வது நல்லதல்ல என்று மேலே சொன்ன வழிகாட்டியே சொல்கிறது. மற்ற இரண்டு ஆலயத்துக்கும் ஞாயிறு காலை ஆராதனை இருக்கும்தானே. வெள்ளி அல்லது சனி பின்னேரம் நல்லது.

அனுமதி: கிளிநொச்சியும் முல்லைத்தீவும் யாழ்ப்பாண மறைமாவட்டம். 1981இல் மன்னார் மறைமாவட்டம் பிரிந்தபோது வவுனியா அதோடு போனது. வவுனியாப் பக்கத்தவர் யாராவது இதை வாசித்தால் கடிதம் யாழ்ப்பாணத்துக்கு அனுப்பி ஒரு மாதத்தை வீணாக்க வேண்டாம். பங்குத்தந்தை மூலமாகவே போங்கள். நேரே ஆயர் இல்லத்துக்கு எழுதினால் பங்குத்தந்தைக்கு அது தலைக்கு மேலால் போன கதையாகிவிடும்.

திகதியையும் யோசியுங்கள். ஜனவரி 18 உரோமையில் புனித பேதுருவின் தலைமைப்பீட நாளாக இருந்தது, 25 பவுல் மனம்மாறிய நாள். 1908இல் இந்த வாரத்தைத் தொடக்கிய அமெரிக்கக் குரு போல் வாட்சன் அந்த எட்டு நாளையும் தெரிந்தெடுத்தது அதனால். வன்னியில் அது காலபோக நெல் வெட்டு தொடங்குகிற நேரம். வெட்டு மெசின் வயலுக்குள் இறங்கும் நாளை யாராலும் ஒத்திவைக்க முடியாது, அன்றைக்குப் பாதிக் கிராமம் வயலில் நிற்கும். தென்னரைக்கோள நாடுகளில் இந்த வாரத்தைப் பெந்தெகொஸ்தே திருநாளை ஒட்டி வைப்பது வழக்கம். உங்களுக்கும் அதுதான் பொருந்தும். அந்தத் திருநாள் பெரும்பாலும் மே நடுவுக்கும் ஜூன் நடுவுக்கும் இடையில் வரும்.

—

மூலைக்கல் எழுதியது:

பாதர்மாரின் சட்டத்தை மேலே உள்ளவர் சரியாகச் சொல்லிவிட்டார். நான் வழிபாட்டுத் தாளுக்கு வருகிறேன், ஏனெனில் கூட்டங்கள் குழம்புவது அந்தத் தாளில்தான்.

பரமண்டல ஜெபத்தை எடுங்கள். சி.எஸ்.ஐ. ஆட்கள் 'பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே' என்று தொடங்கும்போது பக்கத்து வரிசை 'விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே' என்று தொடங்கும். அது சமாளிக்கலாம். முடிவில்தான் சங்கடம். தீமையிலிருந்து காத்தருளும் என்ற இடத்தில் கத்தோலிக்கர் ஆமென் சொல்லி நிறுத்துவார்கள். மற்றவர்கள் 'ராஜ்யமும் வல்லமையும் மகிமையும்' என்று தொடருவார்கள். பாதி மண்டபம் வாய் மூடி நிற்க, பாதி மண்டபம் சத்தமாகப் போகும். கூட்டுச் செபத்தின் நடுவிலேயே யார் எந்தப் பக்கம் என்று பிரித்துக் காட்டினதாகப் போய்விடும். ஆகவே ஒரே வாசகத்தைத் தாளில் முழுதாக அடியுங்கள், கடைசி வரி உட்பட. கத்தோலிக்கத் திருப்பலியிலும் அந்தப் புகழ்ச்சி வரி சற்றுத் தள்ளி வருகிறது. பாதர் அதை முந்தின கிழமையே சொல்லி வைத்தால் ஒருவரும் தடுமாற மாட்டார்கள்.

விசுவாசப் பிரமாணம் வேண்டாம். பெந்தெகொஸ்தேயினர் அதைச் சொல்லுவதில்லை, மற்ற இரண்டு பக்கத்துக்கும் வாசகம் வேறு.

வேதாகமம்: கத்தோலிக்க, சீர்திருத்தத் திருச்சபை அறிஞர்கள் சேர்ந்து செய்த பொது மொழிபெயர்ப்பு 1995இல் வந்தது. கத்தோலிக்கர் கையில் அதுதான் இருக்கும். மற்ற இரண்டு ஆலயத்திலும் பழைய மொழிபெயர்ப்புத்தான். மூன்று வாசகம் வையுங்கள், இரண்டு பொது மொழிபெயர்ப்பிலிருந்து, ஒன்று பழையதிலிருந்து. வாசிப்பவரை மாற்றிப் போடுங்கள்: சி.எஸ்.ஐ. பிள்ளை பொது மொழிபெயர்ப்பை வாசிக்கட்டும், கத்தோலிக்கப் பிள்ளை பழையதை வாசிக்கட்டும். சீராக், தோபித்து போன்ற நூல்களைத் தொடாதீர்கள், அவை மற்ற இரண்டு பக்கத்து வேதாகமத்திலும் இல்லை.

பாட்டு நான்கு போதும். புத்தகம் பார்க்காமல் மூன்று பக்கமும் பாடக்கூடியதா என்று முதலே சேர்ந்து பாடிப் பாருங்கள். ஒரே பாட்டுக்கு இரண்டு மெட்டு இருப்பது ஒத்திகையில்தான் தெரியும்.

முழு வழிபாடும் 75 நிமிடத்துக்குள் நிற்கட்டும். பிரசங்கம் ஒன்று மட்டும், 12 நிமிடம். மூன்று பேருக்கும் 'ஒரு சின்ன வாழ்த்து' என்று மைக் கொடுத்தால் மூன்று பிரசங்கம் கேட்பீர்கள்.

மன்றாட்டில் இரண்டு இடம் கவனம். மரித்தவர்களுக்காக ஜெபிப்பது கத்தோலிக்க வழக்கம், சீர்திருத்தச் சபைகளில் இல்லை. 'இறந்தவர்களுக்காக உமக்கு நன்றி செலுத்துகிறோம், அவர்களின் குடும்பங்களைத் தேற்றும்' என்று எழுதினால் இரு பக்கமும் ஆமென் சொல்லலாம். மற்றது இதைவிட முக்கியம். காணாமலாக்கப்பட்டோரின் பெயர்களை இறந்தோர் பட்டியலோடு ஒருபோதும் சேர்க்காதீர்கள். கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20 முதல் வீதியோரம் இருந்து பிள்ளையைத் தா என்று கேட்ட தாய்மார் இருக்கிற மாவட்டம் இது. 'ஆத்தும இளைப்பாற்றி' என்ற சொல்லுக்குள் தன் பிள்ளையின் பெயர் விழுந்தால் அந்தத் தாய் எழும்பிப் போய்விடுவா, அடுத்த முறை வரவும் மாட்டா. அவர்களுக்குத் தனி மன்றாட்டு, தனி மௌனம் வேண்டும். எழுதினதைத் தாள் அடிக்க முன் அவர்களில் ஒருவரிடம் வாசித்துக் காட்டுங்கள்.

காணிக்கை எடுக்காதீர்கள். எடுத்தால் யாருடைய பெட்டி, யார் எண்ணுவது என்ற கதை அடுத்த வருடம் வரை ஓடும். செலவை மூன்றாகப் பிரித்து முன்கூட்டியே வாங்கிவிடுங்கள்.

—

கிதியோன்300 எழுதியது:

பெந்தெகொஸ்தே பக்கத்திலிருந்து. பாஸ்டர் வரமாட்டேன் என்பதை வீம்பு என்று எடுக்க வேண்டாம். சுருவத்துக்கு முன்னால் நின்று ஜெபித்தார் என்ற ஒரு படம் வட்ஸ்அப்பில் போனாலே சபையில் அவருக்குக் கேள்வி வரும். பொதுநோக்கு மண்டபம் நல்ல தெரிவு, அங்கே எந்தப் பக்கத்து அடையாளமும் இல்லை. முன்னால் மேசை, அதில் விரித்த வேதாகமம், பின்னால் உருவமில்லாத மரச்சிலுவை. அவ்வளவும் போதும். குத்துவிளக்கு ஏற்ற வேண்டாம். கத்தோலிக்கக் கோயிலில் உச்சியில் சிலுவை வைத்த விளக்கு சாதாரணம், எங்கள் ஆட்களுக்கு அது உறுத்தும். மாதாவை நோக்கிய செபமும் புனிதர் மன்றாட்டும் அன்றைக்கு வேண்டாம். அதற்கு ஈடாக நாங்களும் அந்நியபாஷையையும் எல்லாரும் ஒரே நேரத்தில் சத்தமிட்டு ஜெபிப்பதையும் அன்றைக்குத் தவிர்ப்போம் என்று பாஸ்டரிடம் கேளுங்கள். ஒரு பக்கத்திடம் மட்டும் விடச் சொன்னால் சரிவராது. எழுதாமல் ஜெபிக்கிற வழக்கத்துக்கும் இடம் வேண்டும், ஆலயத்துக்கு ஒருவர், இரண்டு நிமிடம்.

ஆனால் உண்மையான தகராறு சுருவம் அல்ல. ஞானஸ்நானமும் ஆடு திருடுவதும்தான், அதாவது மற்ற ஆலயத்துச் சனத்தைத் தங்கள் பக்கம் இழுப்பது. குழந்தையில் ஞானஸ்நானம் பெற்றவர் எங்கள் சபைக்கு வந்தால் திரும்ப முழுக்கு கொடுக்கிறோம். கத்தோலிக்கரும் சி.எஸ்.ஐ.யும் ஒருவர் கொடுத்ததை மற்றவர் ஏற்கிறார்கள், தண்ணீரும் பிதா குமாரன் பரிசுத்த ஆவி என்ற வாக்கும் இருந்தால் சரி. நாங்கள் திரும்பக் கொடுக்கும்போது 'உன்னுடைய முதல் ஞானஸ்நானம் செல்லாது' என்று அந்தக் குடும்பத்துக்கே சொன்னதாகிறது. இதில் உபதேசத்தை ஒரு கூட்டத்தில் மாற்ற முடியாது. ஆனால் மூன்று போதகர்களும் ஒரு வழக்கத்துக்கு ஒத்துக்கொள்ளலாம்: மற்ற ஆலயத்து ஆள் ஒருவர் சேர வந்தால் அந்தப் போதகருக்கு முதலில் ஒரு தொலைபேசி அழைப்பு; அந்த ஆள் பணப் பிரச்சினையிலோ குடும்பச் சண்டையிலோ வந்திருந்தால் அவசரப்பட்டு முழுக்கு இல்லை; வீட்டுக் கூட்டத்தில் மற்ற ஆலயத்தைப் பெயர் சொல்லித் தாக்குவதில்லை. எழுத்தில் வேண்டாம், வாயால் சொன்னால் போதும். இதைச் செய்யாமல் வைக்கிற கூட்டு வழிபாட்டுக்கு அடுத்த நாளே ஒரு முழுக்கு ஆராதனை நடந்தால் எல்லாம் போச்சு.

சைவ அயலவர் பற்றி: நோட்டீஸ் ஒட்டாதீர்கள். 'அற்புதம்', 'சுகமளிக்கும்', 'பெருவிழா' என்ற சொற்கள் பதாகையில் வரவே கூடாது. மண்டபத்துக்கு வெளியே ஒலிபெருக்கிக் குழல் கட்டாதீர்கள். கட்டினால் பொலிஸ் அனுமதியும் வேண்டும், அயலவரின் முகச்சுளிப்பும் இலவசம். சைவக் கோயில் பரிபாலன சபைத் தலைவரையும் கிராம அலுவலரையும் நேரில் பார்த்து, இது கிறிஸ்தவர்கள் தங்களுக்குள் சமாதானம் ஆகிற கூட்டம் என்று சொல்லுங்கள். அப்படிச் சொன்னால் சிரிப்பார்கள், ஆனால் நம்புவார்கள். அம்மன் கோயில் திருவிழா, தைப்பூசம் எந்த நாள் என்று கேட்டுவிட்டுத் திகதி வையுங்கள்.

—

நாவல்மரம் எழுதியது:

எல்லாரும் மேடையைப் பற்றியே கதைக்கிறியள். தேத்தண்ணியைப் பற்றி ஒருத்தரும் கதைக்கேல்லை.

தம்பி குளக்கட்டு, உங்கட ஊரில் ஆர் எந்த ஆலயத்துக்குப் போகினம் எண்டு ஒரு தாளில் எழுதிப் பாருங்கோ. பக்கத்தில், அந்தக் குடும்பம் யாழ்ப்பாணத்தில் இருந்து காணி கிடைச்சு வந்ததோ, 58, 77, 83 கலவரங்களில் மலையகத்தில் இருந்து வந்து குடியேறினதோ, எந்தச் சாதி எண்டு ஊர் சொல்லுதோ, காணிக்குப் பெர்மிட் இருக்கோ இல்லையோ எண்டும் எழுதுங்கோ. மூண்டு ஆலயமும் மூண்டு உபதேசத்தாலதான் பிரிஞ்சு நிக்குதோ எண்டு அந்தத் தாள் சொல்லும். பழைய ஆலயத்தில் பின்வாங்கில் இருந்த சனம் புதுச் சபையில் முன்வாங்கில் இருக்குதெண்டால், அதுக்கு ஒன்றிப்பு வழிகாட்டியில் மருந்து இல்லை. மலையகச் சனத்தை இழிவாச் சொல்லுற 'வடக்கத்தியான்' எண்ட சொல்லை வீட்டுக்குள்ள சொல்லிக்கொண்டு மண்டபத்தில் 'நாம் யாவரும் ஒன்று' எண்டு பாடி என்ன?

பவுல் கொரிந்துச் சபையைக் கண்டிச்சதும் சாப்பாட்டில்தான். முதல் கொரிந்தியர் 11ஆம் அதிகாரம்: இருக்கிறவன் முந்திச் சாப்பிட்டு வெறிக்கிறான், இல்லாதவன் பசியோட நிக்கிறான், இது கர்த்தருடைய பந்தியே இல்லை எண்டு சொல்லுறார். கலாத்தியர் 2இல் பேதுருவை முகத்துக்கு நேர எதிர்த்ததும் புறசாதியாரோட ஒரு பந்தியில் இருந்தவர் யூத ஆக்கள் வந்தவுடன எழும்பிப் போனதுக்குத்தான். அந்த 12 நிமிடப் பிரசங்கத்துக்கு இதில் ஒண்டை எடுங்கோ, ஒன்றிப்புக் கூட்டத்தில் வழக்கமா எடுக்கிற யோவான் 17 எல்லாருக்கும் மனப்பாடம்.

செய்யிற விதம். நூறு பேருக்கு இஞ்சிப் பிளேன்ரீ எண்டால் 15 லீற்றர் தண்ணி, 250 கிராம் தேயிலை, ஒரு கிலோ சீனி, கால் கிலோ இஞ்சி. கஞ்சி எண்டால் இன்னும் நல்லது: 3 கிலோ அரிசி, 25 லீற்றர் தண்ணி, 8 தேங்காய், உப்பு. மே 18க்கு முள்ளிவாய்க்கால் கஞ்சி குடிச்ச கையால ஆரும் இதை வேண்டாம் எண்டு சொல்லமாட்டினம். கோப்பை ஒரே வகை வாங்குங்கோ. மேசைக்காரருக்குப் பீங்கான், மற்ற ஆக்களுக்குக் கடதாசிக் கப் எண்டு இரண்டு வகை வந்தால் ஒடுக்கின சாதிக்குத் தேத்தண்ணி குடுத்த பழைய சிரட்டைதான் புது உருவத்தில் வந்திருக்கு. காய்ச்சுறதும் பரிமாறுறதும் கழுவுறதும் மூண்டு ஆலயத்து ஆக்களும் கலந்து. குறிப்பாப் பாருங்கோ, கழுவுற இடத்தில் ஒரே ஆக்கள் மட்டும் நிண்டால் நிப்பாட்டி ஆளை மாத்துங்கோ. முன்வரிசைக் கதிரைக்குப் பெயர் ஒட்டாதேங்கோ, யாக்கோபு 2ஐ வாசிச்சுப்போட்டு அதைச் செய்யேலாது.

குழு போடேக்க அப்போஸ்தலர் 6ஐப் பாருங்கோ. கிரேக்கம் பேசின விதவைகளுக்குப் பந்தி விசாரிப்பில் குறை எண்டு முறைப்பாடு வந்தது. தெரிஞ்செடுத்த ஏழு பேரின்ர பெயரையும் வாசியுங்கோ, ஏழும் கிரேக்கப் பெயர். முறைப்பாடு சொன்ன பக்கத்திடமே திறப்பைக் குடுத்தவை. உங்கட குழுவின்ர பொருளாளர் மலையகக் குடும்பத்தில் இருந்து வரட்டும். 'ஆலோசகர்' பதவி குடுக்கிறது அதுக்கு ஈடில்லை.

இன்னொரு வழியும் இருக்கு. மார்ச் முதல் வெள்ளி உலக ஜெப நாள். ஒவ்வொரு வருசமும் ஒரு நாட்டுப் பெண்கள் ஒழுங்கை எழுதுவினம், பெண்கள்தான் நடத்துறது. யார் அபிஷேகம் பெற்றவர், யார் எந்தப் பக்கம் நிக்கிறது எண்ட பிரச்சினையே வராது. அது பெரும்பாலும் தபசு (தவக்) காலத்தில் விழும், அப்ப வெள்ளி பின்னேரம் கத்தோலிக்கருக்குச் சிலுவைப்பாதை. காலை 10 மணிக்கு வையுங்கோ. பெரியவர்கள் தயங்கினால் இதில் தொடங்குறது சுகம்.

—

குளக்கட்டு எழுதியது:

மிக்க நன்றி. நாவல்மரம் அக்கா சொன்ன தாளை எழுதத் தொடங்கியாச்சு, எழுதும்போதே சங்கடமாக இருக்கிறது. இன்னொன்று: செத்த வீடு. சேமக்காலை (கிறிஸ்தவ மயானம்) கத்தோலிக்கக் கோயிலுக்குரியது. சபைக் குடும்பத்தில் ஒருவர் இறந்தால் எங்கே அடக்கம் என்பதில் இழுபறி வருகிறது. இதற்கு ஏதாவது நடைமுறை உண்டா?

—

பீடச்சுடர் எழுதியது:

உண்டு. இழவு நடந்த பிறகு கேட்டால் மட்டும் இல்லை. கோபமும் வெயிலும் பிரேதமும் வீட்டில் இருக்கும்போது யாராலும் நியாயம் கதைக்க முடியாது.

கத்தோலிக்கப் பக்கத்தில் மக்கள் நினைப்பதைவிட இடம் கூட இருக்கிறது. ஞானஸ்நானம் பெற்ற வேறு சபையினர் ஒருவருக்கு, அவருடைய போதகர் கிடைக்காவிட்டால், அவரின் விருப்பத்துக்கு மாறில்லை என்றால், ஆயரின் தீர்மானப்படி கத்தோலிக்க அடக்கச் சடங்கே செய்யலாம் (சட்டம் 1183). திருச்சபைக்குச் சொந்தச் சேமக்காலை இல்லாத இடத்தில் பொது மயானத்தில் ஒவ்வொரு குழியையும் தனித்தனியே மந்திரித்து அடக்கலாம் (சட்டம் 1240). ஆகவே ஊருக்கு ஒரு பொது மயானம் என்றால் கத்தோலிக்கருக்குச் சட்டச் சிக்கல் எதுவும் இல்லை. காணி பிரதேச செயலகம், பராமரிப்பு பிரதேச சபை; மூன்று ஆலயமும் சைவக் கோயில் பரிபாலன சபையும் ஒரே கடிதத்தில் கையெழுத்து வைத்துக் கேட்டால் நான்கு கடிதத்துக்கு மேலான பலன். அது வரும் வரை, இருக்கும் சேமக்காலையில் ஒரு பகுதியை மற்றச் சபையாருக்கு விட கத்தோலிக்கப் பங்கின் அருட்பணிச் சபை தீர்மானம் எழுதட்டும். பகுதி வேலியோரத்து மூலையாக இருக்கக் கூடாது.

—

நாவல்மரம் எழுதியது:

அதோட மரண உதவிச் சங்கம் ஒண்டு, ஆலயங்களுக்கு வெளியில, சைவக் குடும்பங்களையும் சேர்த்து. மாதம் 100 ரூபா, 60 குடும்பம் எண்டால் மாதம் 6,000. முதல் வாங்க வேண்டியது கதிரை, பந்தல் தகரம், பெரிய கேத்தில். கூலிக்கு விடாதேங்கோ, விட்டால் கலியாண வீட்டில் நிக்கிற நேரம் செத்த வீடு வரும். சங்கம் உடையிறது இரண்டு இடத்தில்: சந்தா நிலுவை இருக்கிற வீட்டில் சாவு விழேக்கையும், பொருளாளர் கணக்குக் காட்டாதபோதும். நிலுவைக்காரருக்கும் பந்தல் போகும், கணக்கை முப்பத்தொண்டாம் நாள் கழிஞ்சு கதைப்பம் எண்டு யாப்பிலேயே எழுதுங்கோ. கணக்கு மூண்டு மாதத்துக்கு ஒருக்கா பொதுநோக்கு மண்டபச் சுவரில் ஒட்டுப்பட வேணும். குழி வெட்டுறதுக்கு முறை போடுங்கோ, எல்லா வீட்டில் இருந்தும் ஆள். 'அது இன்ன ஆக்கள் செய்யிற வேலை' எண்டு ஒரு வீடு காசு குடுத்துத் தப்ப விட்டால் சங்கம் பேருக்குத்தான்.

மண்டபத்துக்கு விண்ணப்பத்தைக் கிராம அபிவிருத்திச் சங்கத்திடம் ஒரு மாதம் முந்திக் குடுங்கோ தம்பி. மே மாதம் எண்டால் முன்பள்ளி விளையாட்டுப் போட்டி இருக்கோ எண்டும் கேளுங்கோ.